தும்பைக்குச் சொந்தக்காரி

தும்பை விதையை ஆழப் புதைத்தால் முளைக்காது. மேல் மண்ணில் தூவி, விரலால் மெல்ல அழுத்திவிட வேண்டும். அதற்கு வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டும், கொஞ்சம் ஈரம் வேண்டும். வேறொன்றும் வேண்டாம். குணவதிக்கு இது தெரியும். 1994ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு மத்தியானம், மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போன பிறகு, அவள் தான் வேலை செய்யும் ஏழாம் வரிசையின் மூலைக்குப் போனாள். சுடுதண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் கிடந்த மண்ணில் பத்துப் பன்னிரண்டு விதைகளைத் தூவி அழுத்தினாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு போய் மற்றவர்களோடு இருந்து சாப்பிட்டாள்.

அது ஸ்காபரோவுக்கு வடக்கே, ஸ்ரீல்ஸ் தெருவைத் தாண்டி, வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு பெரிய கண்ணாடித் தோட்டம். வேலை செய்யும் தமிழ்ச் சனம் அதைக் கிறீன்ஹவுஸ் என்று சொல்லும். குரோட்டன், செவ்வரத்தை, அலுவலகங்களில் வைக்கிற சின்னப் பனைபோன்ற பாம் என்று வெப்பநாட்டுச் செடிகளை அங்கே ஆயிரக்கணக்கில் வளர்த்துக் கடைகளுக்கும் கம்பனிகளுக்கும் அனுப்புவார்கள். வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும். உள்ளே பெண்கள் ஜக்கெற்றையும் சுவெற்றரையும் கழற்றிப் போட்டுவிட்டு வியர்வை வழிய நிற்பார்கள்.

வெளியிலிருந்து எந்தச் செடியும் விதையும் கொண்டுவரக் கூடாது என்று வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்குவார்கள். குணவதியும் போட்டிருந்தாள். அந்தத் தாளை அவளுக்கு வாசித்து விளங்கப்படுத்தியவள் வேரோனிக்கா. மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண்ணான வேரோனிக்காவுக்கு ஐம்பது வயது. மோர்னிங்சைட்டில் இருந்தாள். குணவதிக்கு இந்த வேலையை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். ஆங்கிலம் தெரியாத குணவதிக்காகச் சுப்பர்வைசரோடு பேசி, முதல் இரண்டு கிழமையும் பக்கத்தில் நின்று பழக்கினாள்.

இதெல்லாம் தெரிந்தும் குணவதி விதையைத் தூவியதற்கு ஒரு காரணம் இருந்தது. 1990இல் ஊரில் அவளுடைய கணவன் சச்சிதானந்தனை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். ஐந்து மாதம் ஆள் எங்கே என்று தெரியவில்லை. அந்த நாட்களில் அவள் சிவன் கோயிலில் ஒரு நேர்த்தி வைத்தாள். மனிசன் உயிரோடு வந்தால், தான் உள்ளவரைக்கும் திங்கட்கிழமைதோறும் தும்பைப்பூ வைத்துக் கும்பிடுவேன் என்றாள். சச்சிதானந்தன் வந்தார். நடக்கத்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டார். கனடாவுக்கு வந்து இரண்டு வருடமாக, மல்வேர்னில் பதினோராம் மாடியில் இருந்த வீட்டில், சிவன் படத்துக்கு முன்னால் அவள் கடையில் வாங்கிய கார்னேஷனை வைத்துக்கொண்டிருந்தாள். வைக்கும்போதெல்லாம் மனம் உறுத்தியது.

கொழும்பிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் மருந்துக் குப்பியில் விதை கொண்டுவந்து கொடுத்தார். யோகட் டப்பாவில் மண் போட்டு ஜன்னலோரம் தூவிப் பார்த்தாள். முளைத்தது. ஆனால் அந்த வெளிச்சம் போதாமல் நூல்போல நீண்டு வெளிறிச் சரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கிறீன்ஹவுஸ் நினைப்பு வந்தது.

மார்கழியில் செடி முழங்கால் உயரத்துக்கு வந்து பூத்தது. நாற்பட்டைத் தண்டில் கணுவுக்குக் கணு உருண்டையாகப் பச்சை மொட்டுக்கூட்டம், அதிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் பூ. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குணவதி பத்துப் பூவை ஆய்ந்து, பழைய பிலிம் டப்பாவில் ஈரத்துணியோடு வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவாள். முதல் திங்கட்கிழமை காலையில் அதைச் சிவனுக்கு வைத்தபோது அழுதாள். கணவனும் பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கையப்பா எடுத்தனீ?" என்று கேட்டார். "வேலையில" என்றாள். அவர் மேலே கேட்கவில்லை.

காய்வதற்கு முன் செடியைப் பிடுங்கிவிட வேண்டும் என்று அவள் கணக்கு வைத்திருந்தாள். தும்பையில் பூ உதிர்ந்த பிறகு, அது இருந்த ஒவ்வொரு குழிக்குள்ளும் நாலு விதை இருக்கும். மொட்டுக்கூட்டம் காய்ந்து மண்ணிறமானால், காற்றுப் பட்டாலே கொட்டும். தை மாத நடுப்பகுதியில் பிடுங்கலாம் என்று இருந்தாள். ஆனால் தை பிறந்த கையோடு மகள் தனுஷிகாவுக்கு வயிற்றுவலி வந்து, அப்பென்டிக்ஸ் என்று ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள். குணவதி மூன்று கிழமை வேலைக்குப் போகவில்லை.

திரும்பிப் போனபோது குழாய்க்குப் பின்னால் செடி காய்ந்து நின்றது. கையில் எடுத்து உதறிப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. எல்லாம் ஏற்கெனவே விழுந்திருந்தது. மேலேயிருந்து குழாயால் தண்ணீர் அடிக்கிறார்கள், தரையைக் கழுவுகிறார்கள், கழுவிய தண்ணீர் வாய்க்கால் வழியாக அடுத்த வரிசைக்குப் போகிறது. அவள் செடியைப் பிடுங்கிக் குப்பைக்குள் அமுக்கிவிட்டு, ஒன்றும் நடக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பத்து நாளில் முளைத்தது. சரளைக்கல்லுக்குள், குரோட்டன் சட்டிகளுக்குள், மேசைகளுக்குக் கீழே என்று பார்த்த இடமெல்லாம் சின்னச்சின்ன இரட்டை இலை. குணவதி மற்றவர்களுக்கு முதலே வேலைக்கு வந்து கண்டதையெல்லாம் பிடுங்கினாள். ஆனால் தண்ணீர் வடிந்து போகும் எட்டாம் வரிசையில்தான் அதிகம் முளைத்திருந்தது. அது வேரோனிக்காவின் வரிசை. அங்கே போய்ப் பிடுங்கினால் ஏன் என்று கேட்பாள்.

வேரோனிக்கா தானாகவே ஒருநாள் ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

"குணம், இஞ்ச பார். இது தும்பை அல்லோ? கனடாவில தும்பை எப்பிடி வந்தது?"

"அப்பிடி இருக்காது அக்கா. ஏதோ அதைப் போல ஒண்டு."

"எனக்குத் தும்பை தெரியாதே? ஆச்சரியமாக் கிடக்கு" என்று சிரித்துக்கொண்டே போனாள் வேரோனிக்கா. அந்தச் சிரிப்பு குணவதியின் முதுகில் சூடாக ஒட்டிக்கொண்டது. அப்போதே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மாசி கடைசியில், ஒரு கடைத்தொகுதிக்கு அனுப்பிய நாற்பது பாம் சட்டிகள் களை முளைத்திருக்கிறது என்று திரும்பி வந்தன. சுப்பர்வைசர் ஹென்ரிக் ஒல்லாந்துக்காரர். அதிகம் பேச மாட்டார், கோபம் வந்தால் காது சிவக்கும். அன்று இரண்டு காதும் சிவந்திருந்தன. ஏழாம் வரிசைக்கு வந்து, ஒரு தும்பைச் செடியைக் குணவதியின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது உங்கள் நாட்டுச் செடியா?"

அவளுக்கு அந்த ஆங்கிலம் விளங்கியது. பதிலுக்கு வேண்டிய ஆங்கிலமும் அவளிடம் இருந்தது. ஒரு சொல் போதும். அவள் செடியைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"நோ. ஐ டோன்ற் நோ."

ஹென்ரிக் எட்டாம் வரிசைக்குப் போனார். வேரோனிக்கா ஒளிக்க ஒன்றுமில்லாதவள். செடியைக் கண்டதும், இது தும்பை, எங்கள் ஊரில் வீதியோரம் எல்லாம் நிற்கும், மருந்துக்கும் எடுப்பார்கள் என்று நல்ல ஆங்கிலத்தில் விளக்கமாகச் சொன்னாள். குணவதி பக்கத்து வரிசையில் நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள். சொல்லச் சொல்ல வேரோனிக்கா தனக்கே குழி வெட்டிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஹென்ரிக் பார்க்கிறபடி, இந்தச் செடியின் பெயர் தெரிந்தவள் இவள் ஒருத்தி. செடி கூடுதலாக நிற்பது இவளின் வரிசையில். போன வருடம் கறிவேப்பிலைக் கன்று ஒன்றைக் கொண்டுவந்து, குளிர் முடியும்வரை இங்கே வைக்கலாமா என்று கேட்டவளும் இவள்தான். கேட்டுவிட்டு, கூடாது என்றதும் திருப்பிக் கொண்டுபோனாள். ஹென்ரிக்குக்கு அந்தக் கன்று மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

மத்தியானத்துக்குள் வேரோனிக்காவை வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள்.

சப்பாத்து மாற்றும் அறையில் அவள் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு நின்றாள். வேலையாட்களை ஏற்றும் வான் பின்னேரம்தான் வரும். பஸ் தரிப்புக்கு அரைமணி நேரம் பனிக்குள் நடக்க வேண்டும். குணவதி பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றாள். என்ன சொல்வதற்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வேரோனிக்கா சப்பாத்து நாடாவைக் கட்டி முடித்து நிமிர்ந்தாள்.

"நாங்கள் தும்பை வச்சுக் கும்பிடுறேல்லை, குணம்."

குணவதி தனக்குப் பின்னால் இருந்த கதவைச் சாத்தினாள்.

"இஞ்ச வேலை செய்யிற தமிழாக்களில ஆர் கும்பிடுறது எண்டு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்."

"அக்கா..."

"நான் போய்ச் சொல்ல மாட்டன். என்ரை தம்பியை, முகத்தை மூடிக்கொண்டு நிண்ட தலையாட்டி ஒருத்தன் ஆமிக்குக் காட்டிக்குடுத்துத்தான் கொண்டு போனவங்கள். அந்த வேலை எனக்கு வேண்டாம். ஆனா நீ போய்ச் சொல்லலாம். ஹென்ரிக்கின்ரை கந்தோர் அந்தா கிடக்கு."

அவள் கதவைத் திறந்துகொண்டு போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பனிக்குள் கால் புதையப் புதைய நடந்து போவதைக் குணவதி பார்த்துக்கொண்டு நின்றாள். கந்தோருக்குப் போக இருபது அடி இருக்கும். அவள் திரும்பி ஏழாம் வரிசைக்குப் போனாள்.

அன்று இரவு கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சச்சிதானந்தன் வலிக்கிற காலை நீட்டி வைத்துக்கொண்டார். பிறகு, "சொல்லாதை" என்றார். "எனக்கு நிண்டு வேலை செய்யேலாது எண்டு உனக்குத் தெரியும். உன்ரை வேலையும் போனா என்ன செய்யிறது? அவவுக்கு இங்கிலீஷ் தெரியும். எங்கையும் எடுப்பினம்." அவர் சொன்னதில் பிழை இல்லை. தனக்கு ஆறுதலாக இருந்ததை எண்ணித்தான் குணவதிக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை சிவனுக்குப் பூ வைக்கவில்லை. படத்துக்கு முன்னால் நிற்கவும் முடியவில்லை. விளக்கைக் கொளுத்திவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. களையை ஒழிக்கும் வேலையை ஹென்ரிக் அவளிடமே கொடுத்தார். மற்றவர்கள் அதைக் கண்டபடி இழுத்துப் பிடுங்கி விதையைக் கொட்டினார்கள். குணவதி அப்படிச் செய்யவில்லை. காலையில் ஈரம் இருக்கும்போது முற்றிய பூத்தலையின்மேல் பிளாஸ்ரிக் பையைக் கவிழ்த்து, பைக்குள்ளேயே வெட்டி எடுத்து, பிறகு வேரைப் பிடுங்கினாள். மண்ணைக் கிளற வேண்டாம் என்று எல்லோரையும் தடுத்தாள். கிளறினால் கீழே கிடக்கும் விதை மேலே வந்து முளைக்கும். வெறும் மண் கிடந்த இடங்களில் வேண்டுமென்றே தண்ணீர் தெளித்து, முளைத்து வரவிட்டு, நாலு இலை வருவதற்குள் சுரண்டி எடுத்தாள். சட்டிகளின் மேல் மண்ணை ஒரு விரல் கனத்துக்கு அகற்றிவிட்டுப் பருமணல் போட்டாள். பங்குனி முடிய, வெளியே போகும் சட்டிகளில் களை இல்லை.

ஹென்ரிக் எல்லோருக்கும் முன்னால் அவளைப் பாராட்டினார். நல்ல கண் என்றார். ஏழாம் வரிசையோடு எட்டாம் வரிசையையும் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்து, சம்பளத்தையும் கொஞ்சம் கூட்டினார். எட்டாம் வரிசையின் ஆணியில் வேரோனிக்காவின் கையுறை தொங்கிக்கொண்டிருந்தது. குணவதி அதைத் தொடவில்லை, எடுத்து எறியவும் இல்லை. இரண்டு மாதம் அதைப் பார்க்காமல் அந்த வரிசையில் வேலை செய்யப் பழகினாள்.

வான் ஓட்டும் நீக்கிலாஸ் வேரோனிக்காவின் ஒன்றுவிட்ட தம்பி. வைகாசியில் ஒருநாள் பின்னேரம், முன் சீற்றில் இருந்தவர் வேரோனிக்காவைப் பற்றிக் கேட்க, அவன் றோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"அவவுக்கு எங்கை வேலை? வேலை இல்லாதாக்களுக்கு அரசாங்கம் குடுக்கிற அன்எம்ப்ளோய்மென்ற் காசும் குடுக்கேல்லை. வேலையால நிப்பாட்டேக்க குடுக்கிற தாளில இவங்கள் ஒழுங்கை மீறினவ எண்டு எழுதி விட்டிட்டாங்கள். அப்பிடி எழுதினா ஒரு சதமும் இல்லை. புது இடத்துக்குப் போனாலும் அந்தத் தாளைத்தான் கேக்கிறாங்கள். இப்ப பார்க்டேலில ஆற்றையோ வீடுகள் துடைக்கப் போறா. போக ரெண்டு மணித்தியாலம், வர ரெண்டு மணித்தியாலம்."

வானுக்குள் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். "பாவம், நல்ல மனுசி" என்றாள் ஒருத்தி. "ஆனாலும் அவ ஏன் உந்த விதையைக் கொண்டந்தவ?" என்றாள் இன்னொருத்தி. நீக்கிலாஸ் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். குணவதியைத்தான் பார்த்தானா என்று தெரியவில்லை. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.  வீட்டு வாசலில் இறங்கும்போது "போயிட்டு வாறன்" என்று வழமையாகச் சொல்வதைக்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த நாள் காலை அவள் கையுறையைப் போடாமல் நேரே கந்தோருக்குப் போனாள். கணவனிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார், தடுத்தால் நின்றுவிடுவேன் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரிந்திருந்தது.

"சேர், தற் பிளாண்ட், மைன்" என்றாள். "வேரோனிக்கா நோ. மீ."

ஹென்ரிக் முதலில் விளங்காமல் பார்த்தார். அவள் பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தாள். அடியில் இன்னும் ஐந்தாறு விதை இருந்தது. சாமி கும்பிடுவது போலக் கையைக் கூப்பிக் காட்டினாள். பூ வைப்பது போலக் காட்டினாள். தெரிந்த சொற்களையெல்லாம் போட்டு, எங்கே தூவினாள், எப்போது காய்ந்தது என்று சொன்னாள். அவர் குப்பியைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். காது சிவக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நான் உன்னிடம் கேட்டேன்" என்றார் கடைசியில். "உன்னிடம்தான் முதலில் கேட்டேன்."

"யெஸ்."

"மூன்று மாதம்."

"யெஸ் சேர்."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். தானும் விசாரிக்காமல் ஒருத்தியை அனுப்பிவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு தட்டச்சு செய்யும் பெண்ணைக் கூப்பிட்டு, வேரோனிக்காவை நிறுத்தியது தங்கள் தவறு, வேலை குறைந்ததால் நிறுத்தப்பட்டவர் என்று புதுத் தாள் ஒன்றும் கடிதம் ஒன்றும் எழுதச் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்றைய தபாலில் போடும்படி நீட்டினார்.

"நான் கொண்டுபோறன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள் குணவதி. அவருக்கு எப்படியோ விளங்கியது. கொடுத்தார்.

"உன்னை இப்போது அனுப்பினால் அந்தக் களையை யார் பார்ப்பது? புரட்டாசி வரைக்கும் இரு. எட்டாம் வரிசை உனக்கு இல்லை. புரட்டாசியில் உனக்கும், ஒழுங்கை மீறியவர் என்ற அதே தாள்தான்" என்ற பொருளில் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள்.

அன்று பின்னேரம் அவள் பஸ் எடுத்து மோர்னிங்சைட்டுக்குப் போனாள். வேரோனிக்கா அப்போதுதான் வேலையால் வந்திருந்தாள். கை விரல்கள் வெள்ளையாகச் சுருங்கியிருந்தன. கதவைத் திறந்தவள் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. குணவதி கடிதத்தை நீட்டினாள். வேரோனிக்கா கண்ணாடியைத் தேடிப் போட்டு, வாசலில் நின்றபடியே இரண்டு தரம் வாசித்தாள்.

"ஆர் சொன்னது?"

"நான்தான் அக்கா. இண்டைக்குக் காலமை."

"இண்டைக்கு."

"ஓம்."

"அண்டைக்குச் சொல்லியிருந்தா இருபது அடி. இப்ப மல்வேர்னில இருந்து பஸ் எடுத்து வந்திருக்கிறாய்." குரலை அவள் உயர்த்தவில்லை. "மூண்டு மாசமா அந்த வானுக்குள்ள எங்கட நீக்கிலாசுக்குப் பின்னால எப்பிடிப் பிள்ளை இருந்தனீ?"

 மன்னித்துக்கொள்ளுங்கோ என்று குணவதி பஸ்ஸில் வரும்போது பத்துத் தரம் சொல்லிப் பார்த்திருந்தாள். வேரோனிக்காவின் கைவிரல்களைப் பார்த்ததும் அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். அதைச் சொன்னால் இன்னொன்றைக் கேட்பது போலாகும். இவளிடம் இனியும் ஒன்றைக் கேட்கக் கூடாது என்று தோன்றியது.

"நான் போறன் அக்கா" என்றாள்.

"உன்ரை வேலை?"

"புரட்டாசி மட்டும்தான்."

வேரோனிக்கா கடிதத்தை மடித்தாள். "சரி" என்றாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

வேரோனிக்காவுக்குக் காசு வந்தது, பழைய நாளிலிருந்து கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று நீக்கிலாஸ் பிறகு வானில் சொன்னான். ஹென்ரிக் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டாராம், அவள் போகவில்லை. வயோதிபர் இல்லம் ஒன்றில் குசினி வேலை எடுத்துக்கொண்டாள். தும்பையைக் கொண்டுவந்தது யார் என்று வானில் எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது. ஒருவரும் குணவதியை ஏசவில்லை. அவள் ஏறும்போது பேச்சு நிற்கும், அவ்வளவுதான். புரட்டாசி மாதம் குணவதிக்கு அந்தத் தாள் கிடைத்தது. கடைசி நாள்வரைக்கும் மேசைக்குக் கீழே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தும்பை முளைத்துக்கொண்டுதான் இருந்தது. சச்சிதானந்தன் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் தானே எழும்பித் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

மூன்று வருடம் கழித்து, 1998இல், மல்வேர்னில் ஒரு தமிழ்க் கடையில் குணவதி மரக்கறி தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோது வேரோனிக்கா எதிரே வந்தாள். கூட அவளுடைய மருமகள் மெலிசா. விலகிப் போக இடமில்லாத ஒடுங்கிய பாதை.

"இவ குணவதி" என்று வேரோனிக்கா மருமகளிடம் சொன்னாள். "முந்தி என்னோட வேலை செய்தவ."

அவ்வளவுதான் சொன்னாள். மிச்சத்தையும் சொல்லிவிட்டால் நல்லது என்று குணவதி நினைத்தாள். அந்தப் பெண் கள்ளமில்லாமல் சிரித்து, தாங்கள் புதிதாக ரவுன்ஹவுஸ் வீடு வாங்கியிருப்பதாகவும், முன்னால் பூச்செடி போட்டதாகவும், போன வருடம் போட்ட காசித்தும்பை இந்த வருடம் தானாகவே முளைத்துப் புல்லுக்குள்ளும் வந்துவிட்டதாகவும் சொன்னாள்.

"இவவைக் கேள்" என்றாள் வேரோனிக்கா. "எப்ப பிடுங்க வேணும் எண்டு இவவுக்குத்தான் தெரியும்."

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. ஒரு கத்தரிக்காயை எடுத்து அமர்த்திப் பார்த்துக்கொண்டு நின்றாள். குணவதியின் முகம் கடைக்கு நடுவே கொதித்தது. ஆனாலும் அந்தப் பிள்ளை காத்துக்கொண்டு நின்றது.

"காய் பச்சையா இருக்கேக்கையே ஆய்ஞ்சு போடுங்கோ பிள்ளை" என்றாள் அவள். "முத்தினா, கை பட்டாலே வெடிச்சுச் சிதறும். வேணுமெண்டால் ஒண்டு ரெண்டை மட்டும் விதைக்கு விடுங்கோ. அதுக்கும் மேல ஒரு பையைக் கட்டி விடுங்கோ. பிறகு செய்வம் எண்டு மட்டும் விடாதேங்கோ."

மெலிசா தலையாட்டிக் கேட்டாள். வேரோனிக்கா கத்தரிக்காயைப் பைக்குள் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.